பக்கத்துக் கடைக்கு நடையா, வண்டியா? குறுகிய தூரத்தின் கணக்கு

வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் மருந்துக் கடை இருக்கிறது. நடந்து போங்கள், சர்க்கரைக்கு நல்லது என்கிறார் மருத்துவர். இவ்வளவு கிட்டத்துக்கு வண்டியை எடுக்காதீர்கள், இன்ஜின் கெட்டுவிடும் என்கிறார் மெக்கானிக். சரி என்று தெருவில் இறங்கினால் பிளாட்பாரத்தில் வரிசையாக பைக்குகள், அவற்றைத் தாண்டினால் மின்பெட்டி, அதற்கப்புறம் நடுரோடு. மருத்துவர் சொல்வதும் உண்மை, மெக்கானிக் சொல்வதும் உண்மை, அந்த பிளாட்பாரமும் உண்மை. இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று தெரியாமல்தான் பெரும்பாலானோர் சாவியைக் கையில் எடுக்கிறார்கள்.

சென்னையை உதாரணமாக வைத்துக்கொண்டு இதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். குறுகிய தூரம் என்று இங்கே சொல்வது சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள் முடியும் பயணத்தை. வண்டி என்றால் ஸ்கூட்டர், பைக், கார் மூன்றும்.

அங்கே போய்ச் சேர வேண்டியது எது?

தூரம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பால் வாங்கப் போகிறோம் என்றால், அங்கே போய்ச் சேர வேண்டியது நாம் மட்டும்தான். கேன் தண்ணீரோ 25 கிலோ அரிசி மூட்டையோ வாங்கப் போகிறோம் என்றால், திரும்பி வரும்போது கூட ஒரு சுமை இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகிறோம் என்றால், தூரத்தை அளக்க வேண்டியது அவருடைய காலை வைத்து. டயரில் காற்று அடிக்கவோ வாட்டர் வாஷ் செய்யவோ போகிறோம் என்றால், போய்ச் சேர வேண்டியதே வண்டிதான். கடை ஐம்பது மீட்டரில் இருந்தாலும் நடந்து போய்ப் பயனில்லை.

கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ‘500 மீட்டருக்குள் நட, அதற்கு மேல் ஓட்டு’ என்று தூரத்தை மட்டும் வைத்துப் போடும் விதிகள் எல்லாம் இந்த இடத்தில்தான் தவறிப்போகின்றன. வேலை என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். போய்ச் சேர வேண்டியது நாமும் ஒரு துணிப்பையும் மட்டும்தான் என்றால், மேற்கொண்டு வரும் கணக்குகள் பொருந்தும்.

நேரம்: வண்டியின் வேகம் எங்கே கரைகிறது

வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, எவ்வளவு தூரம் போனாலும் மாறாத நேரம். சாவி தேடுவது, ஹெல்மெட் மாட்டுவது, கேட்டைத் திறந்து வண்டியை வெளியே எடுப்பது, போன இடத்தில் நிறுத்த இடம் பார்ப்பது, பூட்டுவது எல்லாம் இதில் சேரும். இன்னொன்று, தூரத்துக்கேற்பக் கூடும் ஓட்ட நேரம். நடப்பதில் முதல் பங்கு கிட்டத்தட்டக் கிடையாது. செருப்பை மாட்டினால் முடிந்தது.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். ஆரோக்கியமான ஒருவர் மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். குடியிருப்புத் தெருக்களில் ஸ்கூட்டர் சராசரியாக மணிக்கு 18 கிலோமீட்டர் போகிறது, அதாவது நிமிடத்துக்கு 300 மீட்டர் என்று கொள்வோம். ஸ்கூட்டரின் மாறாத நேரத்தை மூன்றரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால்:

1. சுமார் 400 மீட்டரில் நடையும் ஸ்கூட்டரும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அதற்கும் குறைந்த தூரத்தில் நடப்பவரே முந்துவார்.

2. ஒரு கிலோமீட்டருக்கு நடை பன்னிரண்டரை நிமிடம், ஸ்கூட்டர் ஏழு நிமிடம். வித்தியாசம் ஐந்தரை நிமிடம்.

3. இரண்டு கிலோமீட்டருக்கு நடை 25 நிமிடம், ஸ்கூட்டர் சுமார் பத்து. இங்கேதான் வண்டியின் வேகம் உண்மையில் வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

காரை அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலிருந்து வெளியே எடுப்பதற்கும், கடைத்தெருவில் இடம் பிடிப்பதற்கும் மாறாத நேரம் ஆறு நிமிடமாவது ஆகும். அதனால் கார் நடையை முந்துவதற்கே சுமார் 700 மீட்டர் போக வேண்டியிருக்கும். தி. நகரிலோ மயிலாப்பூர் மாட வீதிகளிலோ மாலை ஆறு மணிக்கு இடம் தேடிச் சுற்றினால், ஒன்றரை கிலோமீட்டரிலும் நடையே முந்தக்கூடும்.

வயதானவர்கள் மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 17 நிமிடம் ஆகும். அவர்களுக்கு இந்த எல்லைகள் சுருங்கும். அவரவர் நடைவேகத்தை ஒருமுறை கடிகாரம் பார்த்து அளந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நடக்க ஆகும் நேரத்தை நாம் வழக்கமாகக் கூட்டியும், வண்டியில் ஆகும் நேரத்தைக் குறைத்தும்தான் மனதில் வைத்திருக்கிறோம்.

குளிர்ந்த இன்ஜினில் நடப்பது என்ன

மெக்கானிக் சொன்னதற்கு வருவோம். சென்னையில் குளிர் ஏது, இன்ஜின் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று தோன்றலாம். காரின் இன்ஜின் சுமார் 90 டிகிரி செல்சியஸில் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. காலையில் 28 டிகிரியில் நிற்கும் வண்டி நமக்கு வெதுவெதுப்பாக இருந்தாலும், இன்ஜினைப் பொறுத்தவரை அது குளிர்ந்த நிலைதான். ஐரோப்பியக் குளிர்காலம் அளவுக்குக் கெடுதல் இங்கே இல்லை. இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

சூடேறாத உலோகச் சுவரில் பட்ட பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. அதை ஈடுகட்ட, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலை அனுப்புகிறது. மைலேஜ் குறைவது அதனால்தான். எரியாத பெட்ரோலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. நீண்ட தூரம் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடேறி, கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓடும் வண்டியில் அது அங்கேயே தங்கி, ஆயிலின் வழவழப்பைக் குறைக்கும்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. சூடான சைலன்சர் வழியாக அது நீராவியாக வெளியேறிவிடும். சைலன்சர் சூடேறாவிட்டால் உள்ளேயே நீராகப் படியும். காலையில் கிளப்பிய காரின் புகைக்குழாய் நுனியில் சொட்டும் நீர் இதுதான். உள்ளே தங்குகிற மிச்சம் துருவாக மாறுகிறது.

பேட்டரிக்கும் இது சங்கடம். செல்ஃப் போடும்போது ஒரே மூச்சில் பெரிய அளவு மின்சாரம் செலவாகிறது. அதைத் திருப்பி ஏற்ற இரண்டு நிமிட ஓட்டம் போதாது. கார்களின் கையேட்டைப் புரட்டிப் பார்த்தால், அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவதைக் கடினமான பயன்பாடு என்ற தலைப்பில் சேர்த்து, ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்கப்படும் டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அந்த வடிகட்டி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அதன் சூடு சுமார் 600 டிகிரிக்கு ஏற வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் குட்டிப் பயணங்களில் அது நடக்காது. கரி அடைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே ஓட்டுகிறவருக்கு டீசல் கார் பொருத்தமில்லை.

மின்சார ஸ்கூட்டருக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. சூடேற வேண்டிய இன்ஜினே அதில் கிடையாது. ஆகவே குறுகிய தூரத்துக்கு வண்டியே கூடாது என்ற வாதத்தில் இந்தப் பகுதியும், அடுத்து வரும் பெட்ரோல், புகைக் கணக்கும் மின்சார வண்டி வைத்திருப்பவருக்குப் பொருந்தாது. மற்றவை எல்லாம் அவருக்கும் உண்டு.

காசும் புகையும்

காசில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றும், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றும் வைத்தால், ஸ்கூட்டரில் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய். குளிர்ந்த இன்ஜின் என்பதால் மூன்று ரூபாய் என்றே கொள்வோம். காருக்குப் பத்து ரூபாயை ஒட்டி வரும். பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்க நடங்கள் என்று ஸ்கூட்டர்காரரிடம் சொல்வது அவ்வளவாக எடுபடாது.

புகை விஷயத்தில் தூரத்தின் அளவுக்கு மீறிய கெடுதல் இருக்கிறது. நச்சு வாயுக்களை மாற்றியமைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரிக்குச் சூடேறிய பிறகே ஒழுங்காக வேலை செய்யும். அதுவரை கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் பெருமளவு அப்படியே வெளியே போகும். கிளப்பிய முதல் சில நிமிடங்கள்தான் ஒரு பயணத்தின் மோசமான நிமிடங்கள். குறுகிய பயணத்தில் இருப்பதே அந்த நிமிடங்கள்தான். அந்தப் புகை போய்ச் சேரும் இடம் நம் தெரு, நம் பள்ளிக்கூட வாசல்.

கரியமில வாயு பற்றி ஒரு பழைய வாதம் அவ்வப்போது தலைதூக்கும். நடப்பதைவிடக் கார் ஓட்டுவதே பூமிக்கு நல்லது என்பது அது. 2007-இல் பிரிட்டனில் கிறிஸ் குடால் என்ற சுற்றுச்சூழல் எழுத்தாளர் போட்ட கணக்கு. மூன்று மைல் நடந்தால் சுமார் 180 கலோரி செலவாகும். அதை மாட்டிறைச்சி தின்று ஈடுகட்டினால், அந்த இறைச்சியை உற்பத்தி செய்வதில் வரும் வாயு கார் விடும் வாயுவைவிட அதிகம் என்றார் அவர். உணவு உற்பத்தியின் பாரத்தை எடுத்துக்காட்டப் போட்ட கணக்கு அது. கடைக்குக் காரில் போகச் சொன்ன அறிவுரையாகத்தான் பரவியது. நம் ஊருக்கு மாற்றிப் பார்த்தாலும் நெல் வயலில் மீத்தேன் வருவது உண்மை. ஒரு கிலோமீட்டர் நடையில் செலவாகும் 50 கலோரியை முழுக்கச் சோற்றால் ஈடுகட்டினால், ஸ்கூட்டர் விடும் வாயுவுக்கு ஓரளவு பக்கத்தில்கூட வந்து நிற்கலாம். ஆனால் கடைக்கு நடந்து போய்வந்தவர் அதற்காகக் கூடுதலாக ஒரு இட்லி சாப்பிடுவதில்லை. நகரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் தேவைக்கு மேல் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வாதம் சறுக்குவது அங்கேதான்.

உடம்பின் கணக்கு

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2010-இல் வந்த பரிந்துரை, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றது. 2020-இல் வந்த திருத்தம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆறு நிமிடம் போய் ஆறு நிமிடம் வரும் பால் வாங்கும் நடையும் இப்போது கணக்கில் சேரும். குறுகிய பயணங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமான மாற்றம் இது. ஆனால் நம் ஊரில் அது பலரையும் எட்டவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 11.4. சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்தால், இயங்கும் கால் தசைகள் இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருமுனை வரை போய் வாழைப்பழம் வாங்கி வருவது, அதிகாலை நடையால் கிடைக்காத ஒரு பயனையும் தருகிறது.

நேரக் கணக்கும் இங்கே மாறிவிடுகிறது. கடைக்கு ஸ்கூட்டரில் போய் மிச்சம் பிடித்த பதினோரு நிமிடத்தை, மாலையில் பூங்காவைச் சுற்றி நடந்து திருப்பிக் கொடுக்கிறோம். அந்தப் பூங்காவுக்கும் பலர் வண்டியில்தான் போகிறார்கள். கடைக்கு நடந்து போயிருந்தால் வேலையும் முடிந்திருக்கும், அன்றைய நடையில் பெரும் பகுதியும் முடிந்திருக்கும்.

சாலை அனுமதிக்கிறதா?

இவ்வளவு சொல்லியும் மக்கள் ஏன் நடப்பதில்லை என்றால், சோம்பேறித்தனம் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் அநியாயமானது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். வண்டியை எடுப்பவர் பல சமயம் பயந்துதான் எடுக்கிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

அதே ஆண்டு இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் எடுத்ததும் ஆபத்து போய்விடுவதில்லை, அதன் வடிவம் மாறுகிறது. பக்கத்துக் கடைதானே என்று ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிட்டுப் போகும் பயணங்களில் அந்த ஆபத்து இன்னும் அதிகமாகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் மோதுவது, மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அண்ணாச்சி கடை வரைக்கும்தான் போகிறோம் என்பது தலைக்குத் தெரியாது.

நல்ல நடைபாதை என்றால் என்ன என்பதற்கு விதி இருக்கிறது. சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பின் 2012 வழிகாட்டுதலின்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். நடைபாதையின் உயரம் சாலையிலிருந்து 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு சாண் உயரத்தைவிடக் குறைவு. பல தெருக்களில் முழங்கால் பக்கம் வரை உயர்ந்த பிளாட்பாரத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காக அது வெட்டி இறக்கப்பட்டிருக்கும். முதியவர் ஒருவர் நூறு மீட்டருக்குள் ஏழெட்டு முறை ஏறி இறங்க வேண்டும். இரண்டாவது முறையிலேயே அவர் சாலையில் இறங்கிவிடுவார். நாமும் அதைத்தான் செய்வோம்.

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. 2019-இல் பாண்டி பஜார் அகலமான நடைபாதையோடு திறக்கப்பட்டது. முன்பு கடைக்குக் கடை வண்டியை நகர்த்திப் போனவர்கள் இப்போது தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கிறார்கள். அங்கே மாறியது தரை மட்டும்தான். ஆனால் பாண்டி பஜாருக்கு நடந்து போய்ச் சேரும் பக்கத்துத் தெருக்கள் பலவும் அப்படி இல்லை என்பதுதான் வருத்தம்.

சட்டமும் இப்போது நடப்பவர் பக்கம் பேசத் தொடங்கியிருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. நடைபாதை இல்லாததால் சாலையில் இறங்கி நடப்பவர்கள் விபத்துக்கு ஆளாகிறார்கள் என்பதையும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி பாதை இருக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட்டது. நடையா வண்டியா என்ற கேள்வியில் பாதி நம் கையில் இல்லை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் எப்படி முடிவு செய்வது

1. வேலையைப் பாருங்கள். பெரிய சுமை, நடக்க முடியாத ஆள், வண்டிக்கே வேலை, உயிர் அவசரம். இவற்றில் ஒன்று இருந்தால் வண்டி. மேலே யோசிக்க வேண்டாம்.

2. 500 மீட்டருக்குள் என்றால் நடை. நேரத்திலும் பெரிய இழப்பில்லை, இன்ஜினுக்கும் நல்லது.

3. 500 மீட்டரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வரை, தூரத்தைவிட வழியே முக்கியம். பெரிய சாலையைக் கடக்க வேண்டுமா, சிக்னல் இருக்கிறதா, இருட்டில் விளக்கு எரிகிறதா, தெருநாய்த் தொல்லை உண்டா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு உகந்த வழியே நடைக்கும் உகந்தது என்றில்லை. உள்தெரு வழியாக 150 மீட்டர் சுற்றினாலும் இரண்டு நிமிடம்தான் கூடும். பிரதான சாலையைவிட அதுவே மேல். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி வலது ஓரமாக நடப்பது பாதுகாப்பு.

4. பொழுதைப் பாருங்கள். மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு நிழலில்லாத சாலையில் ஒரு கிலோமீட்டர் நடப்பது வேண்டாத வேலை. முடிந்தால் பயணத்தைக் காலைக்கோ மாலைக்கோ தள்ளலாம், முடியாவிட்டால் வண்டி. இரவில் தனியாக நடக்கத் தயங்கும் பெண்ணிடம் கலோரிக் கணக்கு பேசுவதில் அர்த்தமில்லை.

5. வண்டிதான் என்று முடிவானால் வேலைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கி, காய்கறி, மருந்து மூன்றையும் ஒரே சுற்றில் முடித்தால் இன்ஜின் ஒருமுறைதான் குளிரிலிருந்து கிளம்புகிறது. ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும்.

வழி சரியில்லை என்பதால் வண்டி எடுக்கிறீர்கள் என்றால், அந்த வழியைப் பற்றிப் புகார் செய்யலாம். மாநகராட்சியின் 1913 எண் அதற்குத்தான். எது யார் பொறுப்பு என்று தெரிந்துகொண்டு சொன்னால் புகார் நகரும். உடைந்த பிளாட்பாரமும் மழைநீர் வடிகால் மூடியும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. வழியை அடைத்து நிற்கும் மின்பெட்டி மின்வாரியத்தின் வேலை. பிளாட்பாரத்தில் நிறுத்திய பைக் போக்குவரத்துக் காவல்துறையின் வேலை. ‘நடைபாதை சரியில்லை’ என்று எழுதினால் யாரும் எடுக்கமாட்டார்கள். எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, மின்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று டேப் வைத்து அளந்து, படத்தோடு அனுப்புங்கள்.